சாய்த்துப் பார்க்கிற அட்டை

பொதிகை எக்ஸ்பிரஸ் விருதுநகரை விட்டுக் கிளம்பியதுமே அக்கா எழுந்து தலை வாரிக்கொண்டாள். இன்னும் விடியவில்லை. திருத்தங்கலைக் கடக்கும்போது, நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இந்தப் பக்கம்தான் இருக்கும் என்று இருட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அடுத்தது சிவகாசி. இறங்கும்போது அவள் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை, நான்கு வருடத்துக்கு முன் மூத்தவள் கல்யாணத்துக்கு அடித்தது.

அந்தப் பத்திரிகையைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. அப்போது எல்லோருக்கும் அவசரம். இணையத்தில் ஒரு தளத்தைத் திறந்து வரிசையாகப் பார்த்தோம். அரக்கு நிறத்தில் ஒன்று கண்ணைப் பறித்தது. நடுவில் தங்கப் பிள்ளையார், ஓரம் முழுக்கத் தங்கக் கொடி. ஐந்நூறு அட்டைக்குப் பணம் கட்டினோம். பெட்டி வந்தது. பிரித்தால், அரக்கு என்று நினைத்தது காய்ந்த செங்கல் நிறத்தில் இருந்தது. தங்கம் என்று நினைத்தது கடுகு நிற மை. அட்டையை ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை தொங்கியது. மாற்றுவதற்கு நாள் இல்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி எல்லோருக்கும் கொடுத்து முடித்தோம். வாங்கியவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்குத்தான் அது ஆறவே இல்லை. இளையவளுக்கு ஆவணிக் கடைசியில் முகூர்த்தம் குறித்த அன்றே சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவ தொட்டுப் பாத்துட்டுத்தான் தம்பி."

எனக்கும் இந்தப் பயணத்தில் ஒரு ஆசை இருந்தது. ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். காவிரிக் கரையில் பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போகிற அதே நாளில், ஆறு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லாத இந்தக் கரிசல் ஊரில் காகிதத்துக்குப் பூஜை. எந்தக் காலண்டரையும் கைப்பேசியில் பார்த்துவிடலாம் என்று ஆகிவிட்ட காலத்தில், ஒரு ஊரே ஒரு நாளை மாதிரிப் புத்தகத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

டீக்கடையில் நின்றபோது வெளிச்சம் வந்திருந்தது. எதிரே ஒரு மூன்று சக்கர வண்டி, வண்டி நிறைய அச்சான தாள்கள். வெட்டாத பெரிய தாளில் ஒரே லட்சுமி வரிசையாக எட்டு முறை அமர்ந்திருந்தாள். தெருவோரத்தில் வெட்டி எறிந்த காகித நறுக்குகள், சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக. எங்கிருந்தோ ஆப்செட் எந்திரத்தின் சீரான தட்டல். மற்ற ஊர்களில் விடிகாலையில் காய்கறி வண்டி போகும். இங்கே காகிதம் போகிறது.

இந்த ஊருக்கு அச்சு வந்த வழி தீப்பெட்டி வழி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டும். பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள். லேபிளுக்காக வந்த அச்சகம் பிறகு நோட்டு, டைரி, காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று கிளை விட்டது. மழை குறைந்த ஊர் என்பதும் கூடவே ஒத்தாசை செய்தது. காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் விரியும். நான்கு நிறத்தில் அச்சடிக்கும்போது முதல் நிறத்துக்கும் கடைசி நிறத்துக்கும் நடுவில் தாள் மயிரிழை விரிந்தாலும் போதும், அம்மனின் மூக்குத்தி கன்னத்துக்குப் போய்விடும். விவசாயத்தை வஞ்சித்த வானம் இந்தத் தொழிலுக்குக் கைகொடுத்தது. அதைப் பெருமையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்திருந்தால் இவர்கள் தீக்குச்சியையும் வெடிமருந்தையும் தொட்டிருக்கவே வேண்டாம்.

எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு அச்சகத்துக்குள் போக முடிந்தது. நடுத்தரமான இடம். வாசலில் மாவிலை, உள்ளே எந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு. நீள மேசையில் சிவப்புத் துணி விரித்து, மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, அவருக்கு முன்னால் புது ஆல்பங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சூடம் காட்டி முடித்ததும் முதலாளி மேலே இருந்த ஆல்பத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, ஓரமாக நின்றிருந்த வயதான ஏஜெண்ட் ஒருவர் கையில் கொடுத்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாங்கினார்.

ஆல்பம் என்றால் கைக்குள் அடங்குகிற புத்தகம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஆள் மடியில் வைத்தால் ஆளே தெரியாத அகலம். உள்ளே இருப்பவை காலண்டர்களின் புகைப்படங்கள் இல்லை, காலண்டர்களேதான். எந்தத் தாளில் விற்கப்போகிறார்களோ அதே தாள், அதே மை, அதே பளபளப்பு. முருகன், மீனாட்சி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா, காமராஜர், கொழுகொழு குழந்தை, பனிமலை, வயல் நடுவே ஒரு ஓலைக்குடிசை. ஒவ்வொன்றின் கீழும் கடைப் பெயர் அச்சடிக்க வெற்றிடம். மூலையில் ஒரு எண். ஏஜெண்ட் ஊர் ஊராக இதைத் தூக்கிக்கொண்டு நகைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் போவார். கடைக்காரர் எண்ணைச் சொல்வார், எத்தனை என்பதைச் சொல்வார், மார்கழியில் சரக்கு போய்விடும். தை மாதம் அந்தக் கடைக்கு வாடிக்கையான வீடுகளின் சுவரில் அது தொங்கும்.

அந்த வயதான ஏஜெண்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலிருந்து இதே தொழில். கைப்பேசியில் படங்களை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று கேட்டேன்.

"அனுப்புறோமே தம்பி. இப்பவே பி.டி.எஃப். வந்துடுச்சு, பாருங்க" என்று போனைக் காட்டினார். "இத அனுப்பினா, கடைக்காரரு கல்லாவுல ஆளு நிக்கையில பாப்பாரு. விரலால ரெண்டு தள்ளு தள்ளுவாரு. 'போன வருசம் போட்டதையே போட்ருங்க'ம்பாரு. ஆல்பம் கொண்டுபோனா அப்படி இல்ல. ராத்திரிக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன், வச்சிட்டுப் போங்கம்பாரு. வீட்ல அம்மா பாப்பாங்க, பிள்ளைங்க பாக்கும். காலையில நான் போகும்போது ரெண்டு எடத்துல துண்டுக் காகிதம் செருகி இருக்கும். ஒண்ணு அவரு செருகினது, ஒண்ணு அந்தம்மா செருகினது."

"எது ஜெயிக்கும்?"

"அதுல என்ன சந்தேகம்? அம்மா செருகினதுதான்."

இதை அவர் சிரிக்காமல், தொழில் ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார். காலண்டருக்குக் காசு கொடுக்கிறவர் கடைக்காரர், ஆனால் ஒரு வருடம் முழுக்கப் பார்க்கப்போகிறவர்கள் வீட்டுப் பெண்கள். ஜனவரியில் எந்தக் கடைக் காலண்டரைக் கூடத்தில் மாட்டுவது, எதைச் சுருட்டிப் பரணில் போடுவது என்று முடிவெடுக்கிறவர்களும் அவர்களே. ஆல்பம் வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதால் அந்த முடிவு சில மாதம் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஒரு பி.டி.எஃப். கல்லாவைத் தாண்டி அடுப்படிவரை போவதில்லை.

மாட்டுவது மட்டுமா? வருடம் முடிந்த பிறகு படத்தை வெட்டிச் சட்டம் போட்டுப் பூஜையறையில் வைத்த வீடுகள் எத்தனை! எங்கள் வீட்டில் இருந்த சரஸ்வதி அப்படி வந்தவள்தான். அவளுக்குக் கீழே ஒரு பாத்திரக்கடையின் பெயர் பாதி வெட்டுப்பட்டு நின்றது. இந்த முகங்களை நமக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், சில காலம் ரமணாசிரமத்தில் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுபவராக ஊர் ஊராக அலைந்து கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவற்றைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக்கின. 1976இல் அவர் காலமானார். நாடகத் திரையின் தூண்களும் மண்டபங்களும் அவருடைய தெய்வங்களுக்குப் பின்னால் வந்து நின்றன. தெய்வங்கள் பக்கவாட்டில் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பதில்லை, நேரே நம்மைப் பார்க்கின்றன. கும்பிடுகிறவர்களுக்கு அது வேண்டும். இந்த ஆல்பத்தில் இருந்த கணினி வண்ணங்களுக்கு அடியிலும் அந்தப் பார்வை அப்படியே இருப்பதை அன்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தபோது கண்டேன். படம் மங்கலாகக்கூட இருக்கலாம், பார்வை தப்பக் கூடாது என்று ஏஜெண்டும் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அக்காவின் வேலை. பத்திரிகைக் கடையில் வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் தடித்த ஆல்பங்கள். பக்கத்துக்கு ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. திறந்து மடித்து உள்தாளை இழுத்துப் பார்க்கலாம். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகையை ஆடியில்தான் அடிக்க வேண்டும், ஆகவே கடை நிறையக் குடும்பங்கள்.

"வாங்கக்கா. எத்தன வேணும்? எந்த ரேட்டுக்குள்ள?" என்று கேட்ட கடைக்காரரிடம் அக்கா பதில் சொல்லவில்லை. பையிலிருந்து பழைய பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது மாதிரி இருக்கக் கூடாது அண்ணாச்சி."

அவர் அதை எடுத்து ஒரு தடவை சுண்டினார். மங்கலாக ஒரு சத்தம் வந்தது. பிறகு ஆல்பத்திலிருந்த ஒரு அட்டையைச் சுண்டினார். வெற்றிலை நரம்பைக் கிள்ளுகிறது போலக் கணீரென்று கேட்டது. "சத்தத்துலயே தெரிஞ்சிரும்" என்றார். பிறகு பழைய அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார். "பாருங்க, எந்தப் பக்கம் சாய்ச்சாலும் ஒரே மாதிரி இருக்கு. இது மை. இதைப் பாருங்க." அவர் கையிலிருந்த அட்டையைச் சாய்க்கச் சாய்க்க, பிள்ளையாரின் தும்பிக்கையிலிருந்து ஒளி வழுக்கிக் காதுக்குப் போனது, காதிலிருந்து கிரீடத்துக்கு ஏறியது.

நான்கு வருடமாக எங்களுக்கு விளங்காதிருந்தது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. தங்கம் என்பது நிறம் இல்லை. நான்கு நிற மையை எப்படிக் கலந்தாலும் பழுப்பு கலந்த ஒரு மஞ்சள்தான் கிடைக்கும். பளபளப்புக்குத் தங்க நிறப் படலத்தை அச்சில் சூடேற்றி அட்டைமேல் அழுத்த வேண்டும். ஃபாயில் என்று சொல்வது அதைத்தான். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். அவையும் மஞ்சளைக் காட்டும், பக்கத்தில் கொஞ்சம் வெள்ளையைக் காட்டி இது பளபளக்கிறது என்று நம்மை நம்ப வைக்கும். ஆனால் தங்கத்தின் குணமே, நாம் அசையும்போது அதுவும் அசைவது. கைப்பேசியை எப்படிச் சாய்த்தாலும் படத்திலுள்ள தங்கம் இருந்த இடத்திலேயே நிற்கும். அன்று நாங்கள் மடிக்கணினியில் ஏமாந்தது எங்கள் கண்ணின் தவறு மட்டும் இல்லை. அந்தச் சரக்கைத் திரையால் காட்டவே முடியாது.

அடுத்த மேசையில் ராஜபாளையத்துக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, அத்தை, ஒரு பையன், ஒரு ஆச்சி. ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பது அவர் தலையைச் சாய்த்துப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பையன் தன் போனில் வேறு ஏதோ கார்டைக் காட்டி, "இத மாதிரி போட்டு எல்லாருக்கும் வாட்ஸாப்ல அனுப்பிரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அம்மா எட்டிப் பார்த்தாள், அத்தை கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். ஆச்சியிடம் வந்தபோது போன் இருட்டிவிட்டது. அவன் மறுபடி திறந்து கொடுப்பதற்குள் அவர் ஆல்பத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

அவர் பக்கங்களைக் கண்ணால் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்து ஒவ்வொரு அட்டையின் மேலும் வைத்தார். எம்போஸ் செய்த இடங்களில் விரல் நின்றது. "இது பிள்ளையாரு" என்றார். "இது என்ன, மேளமா?" நாதஸ்வரம் என்றார்கள். "குத்துவிளக்கு நல்லா இருக்கு, திரி வரைக்கும் தெரியுது." ஆறாவதோ ஏழாவதோ அட்டையில் கை நின்றது. சொரசொரப்பான கைத்தாள் போன்ற ஒன்று, மூலையில் மட்டும் சிறிய புடைப்பில் ஒரு பூரண கும்பம். மற்றவர்கள் அதைத் தாண்டி ஏற்கெனவே போயிருந்தார்கள். "இதப் போடுங்க. கையில எடுத்தா சேல மாதிரி இருக்கு" என்றார். மாப்பிள்ளையின் அப்பா மறு பேச்சுப் பேசாமல் எண்ணைக் குறித்துக்கொண்டார். பையனும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு ஆச்சி" என்றான்.

அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஐகியாவின் நினைவு வந்தது. ஸ்வீடன் நாட்டு மரச்சாமான் நிறுவனம். 1951இல் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு அட்டவணைப் புத்தகம் போட்டுவந்தார்கள். உச்சத்தில், 2016இல், 32 மொழிகளில் 20 கோடிப் பிரதிகள். உலகில் அதிகம் அச்சான புத்தகங்களில் ஒன்று என்று அதைச் சொல்வதுண்டு. 2020 டிசம்பரில், இனி அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அச்சு அட்டவணையின் காலம் முடிந்தது என்று அப்போது பல இடங்களில் எழுதினார்கள். நானும் அதை நம்பினேன், கொஞ்சம் துக்கப்பட்டேன்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் இருந்தவை நாற்காலியின் படங்கள், நாற்காலி இல்லை. அந்தப் படங்களிலும் பல கணினியிலேயே உருவாக்கப்பட்டவை. மரமே இல்லாத நாற்காலி. அதைத் தாளிலிருந்து திரைக்கு மாற்றினால் பார்ப்பவர் எதையும் இழப்பதில்லை, விலையைத் தினம் மாற்றிக்கொள்ளும் வசதிகூடக் கிடைக்கிறது. சிவகாசி ஆல்பம் வேறு சாதி. சரக்கின் ஒரு துண்டையே கிள்ளி எடுத்துக் கோத்துக் கட்டிய புத்தகம் அது. பெயிண்ட் கடையில் வண்ணப் பட்டைகள் அடுக்கிய ஷேட் கார்டு, தச்சர் தோளில் தூக்கிவரும் சன்மைக்காத் துண்டுகளின் புத்தகம், தையல்கடையில் சட்டைத் துணி ஒட்டிய அட்டை, எல்லாம் இதன் உறவுக்காரர்கள். இவற்றை நம் ஊரில் மாதிரி என்று சொல்வது எவ்வளவு பொருத்தம்! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று விரலால் நசுக்கிப் பார்க்கிறோமே, அந்தச் சோறு இது. சோற்றின் படத்தை நசுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. மாதிரி ஒரு சாட்சி. சரக்கு வந்து இறங்கியதும் ஆல்பத்து அட்டையையும் வந்த அட்டையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிசகு இருந்தால் விரல் வைத்துக் காட்டலாம். எங்களுடைய செங்கல் நிறப் பத்திரிகை வந்த நாளில் நாங்கள் யாரிடம் எதைக் காட்டியிருக்க முடியும்? உங்கள் திரையில் அப்படித் தெரிந்திருக்கும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் பேச இடமே இல்லை. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆல்பத்தின் மேல் கையை வைத்து, "இது கடையில இருக்கிறவரைக்கும் நான் பேச்சு மாற முடியாதுல்லா" என்றார். எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நான் இவ்வளவு நம்பியதில்லை.

கல்யாணப் பத்திரிகைகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதை அவர் மறைக்கவில்லை. தூரத்து உறவுக்கெல்லாம் இப்போது போனிலேயே போய்விடுகிறது, ஆயிரம் அடித்தவர்கள் முந்நூறு அடிக்கிறார்கள் என்றார். அந்த முந்நூறும் யார் யாருக்கு என்று யோசித்தேன். தாய்மாமனுக்கு, சம்பந்தி வீட்டாருக்கு, குலதெய்வக் கோயிலில் வைக்க, வாத்தியாருக்கு. வெற்றிலை பாக்குப் பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து நேரில் கொடுக்கிறவர்களுக்கு. தட்டில் வைத்து நீட்டக் கையில் ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை சுருங்கச் சுருங்க அந்தப் பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை கூடுகிறது. ஆல்பங்கள் மெலியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று தோன்றியது.

அக்கா மூன்று ஆல்பம் முடித்தாள். முடித்தாள் என்று சொல்ல முடிகிறதே, அதுவே ஒரு நிம்மதி. கடைசிப் பக்கத்தைப் புரட்டியதும் பின்னட்டை வந்தது. இவ்வளவுதான், இதற்குள் எடு என்றது. இணையத்தில் தேடிய அன்று ராத்திரி இரண்டு மணிவரை கீழே கீழே போய்க்கொண்டே இருந்தோம், இதைவிட நல்லது அடுத்ததில் இருக்குமோ என்று. இங்கே அவள் நடுவில் வைத்திருந்த விரலை எடுக்காமல் திரும்பப் போனாள். மயில் கழுத்து நிறம், நடுவில் சின்னதாகத் தங்கப் பிள்ளையார். சாய்த்தாள். சுண்டினாள். கட்டைவிரலால் விளிம்பை ஒரு முறை வருடினாள்.

"இது போதும் அண்ணாச்சி. நானூறு."

மாதிரிக்கு ஒன்று கேட்டாள். ஆல்பத்திலிருந்து பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் உதிரியாக ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். அதன் பின்புறத்தில் எண்ணையும் தேதியையும் பேனாவால் எழுதி, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அக்கா பழைய பத்திரிகையைத் திரும்பப் பையில் போடவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டாள்.

ராத்திரி திரும்பவும் அதே பொதிகை. நாங்கள் ஏறியபோது எங்கள் இருக்கைக்கு எதிரே ஒரு அம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். வண்டி விருதுநகரைத் தாண்டியதும் அக்கா பையைத் திறந்து அட்டையை எடுத்தாள். மேலே எரிந்த விளக்குக்குக் கீழே பிடித்து இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். எதிரே இருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைச் சேலைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடுங்க, பாப்போம்."

வாங்கி ஒரு தடவை சுண்டினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஏற்றி இறக்கினார்.

"நல்ல அட்டைதான். மாப்பிள்ளை எந்த ஊரு?"